சந்தேகமா? கேளுங்க சார்!

நெட்வொர்க் மார்க்கெட்டிங்காரரிடம் சந்தேகம் கேட்பதில் ஒரு சிக்கல். நமக்குக் கேள்வி தோன்றுவதற்குள் அவருக்குப் பதில் மனப்பாடமாகியிருக்கும். "இது பிரமிடு ஸ்கீம்தானே?" என்று இழுத்தால், "உங்க ஆபீஸ்ல எம்.டி. மேல, பியூன் கீழ. அதுவும் பிரமிடுதான் சார்!" என்பார். வேலையில் சேர எந்தப் பியூனும் எம்.டி.யிடம் பத்தாயிரத்துக்குப் புரோட்டீன் பவுடர் வாங்கியதில்லையே என்று நமக்கு உறைப்பதற்குள் பேச்சு மலேசியா டூருக்குப் போய்விடும்.

பிறகு டைரியின் பின்பக்கத்தில் வட்டங்கள். உச்சியில் நீங்கள், கீழே ஆறு பேர், ஒவ்வொருவருக்கும் கீழே ஆறு. மூன்றாம் வரிசையிலேயே தாள் தீர்ந்துவிடும். அது அவருடைய அதிர்ஷ்டம். விடாமல் போட்டுக்கொண்டே போனால் பதினொன்றாம் வரிசைக்கு மட்டும் 36 கோடிப் பேர் வேண்டும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு ஜனத்தொகையே, கைக்குழந்தைகள் உட்பட, 7.2 கோடிதான். பதின்மூன்றாம் வரிசைக்கு 1,306 கோடி. அதற்குப் பூமியே போதாது.

சட்டமா? "எல்லாம் லீகல் சார்" என்று ஒரு ஜெராக்ஸ் நீளும். பணச்சுழற்சித் திட்டங்களுக்கு 1978இலேயே தடை. 2021இன் நேரடி விற்பனை விதிகள் பிரமிடு திட்டங்களையும் பெயர் சொல்லியே தடுத்தன. பொருளை விற்றுக் கமிஷன் வாங்கினால் வியாபாரம். ஆளைச் சேர்த்ததற்கே பணம் வந்தால் வம்பு.

"நாங்க ஆள் சேர்க்கிறதில்ல சார், ஒரே ஃபேமிலி!" என்பார். அது நிஜம். முதல் வட்டத்தில் சித்தப்பா, அடுத்ததில் மச்சினன். சித்தப்பா இப்போதெல்லாம் போனையே எடுப்பதில்லை.