எடிட்டில் இருக்கும் சார்

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை எந்த கன்டெய்னர் யார்டு ஆபீசுக்குள் நுழைந்தாலும் எடிட் சார் ஒருவர் இருப்பார். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும். பில்லிங் செக்‌ஷனில் ஃபேனுக்கு நேர் கீழே சீட். வந்ததும் மானிட்டர் மேல் ஒட்டியிருக்கும் வடிவுடையம்மனுக்கு ஒரு கும்பிடு. பிறகு ஒரு பில்லைத் திறந்து 'எடிட்' அமுக்குவார். அமுக்கிவிட்டு டீக்குப் போவார்.

நடுவில் 'சேவ்' என்று ஒன்று உண்டு. "முழுசா பார்க்காம எப்படிப்பா சேவ் பண்றது?" என்பார். நியாயம்தான். முழுசாகப் பார்க்க மூன்று டீ ஆகும்.

ஒருவர் திருத்தும் பதிவை இன்னொருவர் தொடாதபடி டேட்டாபேஸ் பூட்டி வைக்கும். அது இல்லையென்றால் ஒரே பெட்டியை இரண்டு டிரெய்லருக்கு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். பூட்டைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பில் முடியாமல் கேட் பாஸ் வராது, கேட் பாஸ் இல்லாமல் டிரெய்லர் நகராது. எண்ணூர் விரைவுச் சாலை டிரெய்லர் வரிசைக்குப் பத்திரிகைகள் சுங்கச் சோதனை, துறைமுக கேட், ரோடு என்று காரணம் எழுதும். எடிட் சாரின் டீயை இதுவரை யாரும் எழுதவில்லை.

கேட்டில் டிரைவர் ஹாரனை அமுக்கியதும் சிஸ்டம் தம்பி வேலையில் இறங்குவான். 'எஸ்.பி. ஹூ டூ' என்று ஒரு கமாண்ட். யார் யாரை மறித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று எஸ்.க்யூ.எல். சர்வர் பட்டியல் போடும். லாகின் 'பில்லிங்1' என்று வரும். அதனால் பிரயோஜனமில்லை, செக்‌ஷன் மொத்தமும் அந்த லாகின்தான், பாஸ்வேர்டு அம்மனுக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறது. கம்ப்யூட்டர் பெயரைப் பார்த்தால் போன வருஷம் ரிடையரானவர் பெயர். மெஷினை மாற்றியவர்கள் பெயரை மாற்றவில்லை. நிலைமை என்ற கட்டத்தில் மட்டும் ஒரு உண்மை தெரியும்: 'ஸ்லீப்பிங்'. அது போதும், ஆள் யாரென்று தம்பிக்குப் புரிந்துவிடும்.

"சார், அந்த பில்லைவிட்டு வெளிய வாங்க."

"நான் எங்கப்பா உள்ள இருக்கேன்? டீக்கடைல இருக்கேன்."

"டிரைவர் கத்துறாரு சார்."

"1856-ல தென்னிந்தியாவுக்கே முதல் பாசஞ்சர் ரயில் எங்க ராயபுரத்துலேருந்துதான் கிளம்பிச்சு. அது பச்சைக் கொடி காட்டாமலா கிளம்பிச்சு? இருக்கச் சொல்லு."

தம்பியிடம் 'கில்' இருக்கிறது. ஆனால் அமுக்கினால் சேவ் ஆகாததெல்லாம் கலைந்து பழைய நிலைக்குப் போய்விடும். "காலையிலிருந்து அடிச்சதைக் கொன்னுட்டான்" என்று மேனேஜரிடம் பிராது போகும். காலையிலிருந்து அடித்தது ஒரு கமா. இந்தப் பேச்சுவார்த்தை முடிவதற்குள் தேதி மாறிவிட்டால் பெட்டிக்கு இன்னொரு நாள் கிரவுண்ட் ரென்ட் ஏறும். ஏறினால் பில்லைத் திருத்த வேண்டும். திருத்த அவர்தான் எடிட் போட வேண்டும்.

அவர் சோம்பேறி இல்லை. லெட்ஜர் காலத்தில் புத்தகம் யார் மேஜையில் இருக்கிறதோ அவர் மேஜைக்குத்தான் எல்லோரும் வரவேண்டும். கம்ப்யூட்டர் வந்து அந்த மரியாதையைக் கொண்டுபோனது. 'எடிட்' பட்டன் திருப்பிக் கொடுத்தது.

ஒரு நாள் அவரே இரண்டு விண்டோவில் ஒரே பில்லைத் திறந்துவிட்டார். இரண்டாவது நகரவில்லை. "எவன்டா என் பில்லைத் தொட்டது?" என்று செக்‌ஷன் அதிர்ந்தது. பட்டியலில் 61-ஆம் இணைப்பு 74-ஐ மறித்துக்கொண்டிருந்தது. இரண்டும் அவர். "சார், உங்களை நீங்கதான் பிளாக் பண்றீங்க" என்றான் தம்பி. "எவன்னு கேட்டா பேரைச் சொல்லு, தத்துவம் பேசாதே" என்றார்.

இதைவிடப் பெரியது டெட்லாக். அவர் பில்லைப் பிடித்துக்கொண்டு பார்ட்டி லெட்ஜருக்குக் காத்திருக்க, அக்கவுண்ட்ஸ் மேடம் லெட்ஜரைப் பிடித்துக்கொண்டு அதே பில்லுக்குக் காத்திருப்பார். டீக்குப் போனவரைக் கண்டுபிடிக்கத் தெரியாத சர்வர் இதைச் சில நொடியில் கண்டுபிடிக்கும். எந்த வேலையைக் கலைத்தால் செலவு குறைவோ அதைப் பலி போட்டு 1205 என்று பிழை காட்டும். ஒரு கமா மட்டும் அடித்தவர்தான் வழக்கமாக மாட்டுவார்.

"சர்வீஸ்ல நான்தானே சீனியர், என்னை ஏன்பா பலி போடுது?"

டெட்லாக்கில் யாருக்கு முன்னுரிமை என்று சொல்லிவைக்க ஒரு செட்டிங் நிஜமாகவே இருக்கிறது. அதை அவர் காதுக்குப் போகாமல் காப்பதுதான் தம்பியின் பணிப் பாதுகாப்பு.

கடைசியில் பத்து நிமிஷம் எதுவும் தட்டாவிட்டால் தானாக வெளியே தள்ளும்படி வைத்துப் பார்த்தார்கள். இரண்டே நாளில் எடிட் சார் ஆபீஸ் பையனுக்கு ஒரு பன் பட்டர் ஜாம் பேசி முடித்துவிட்டார். அவன் அவ்வப்போது வந்து ஸ்பேஸ் பாரைத் தட்டிவிட்டுப் போகிறான். ஒரு பார்ட்டியின் அட்ரசில் மணலிக்கும் பின்கோடுக்கும் நடுவே இப்போது அரைப் பக்கம் காலி மனை.