முந்நூறு டாலரும் ஒரு தொப்பியும்

கேள்வி: அமெரிக்க உள்நாட்டுப் போரில் அதிகம் அவதிப்பட்டது தலைவர்களா, சிப்பாய்களா, அடிமைகளா?

பதில்: வடக்கில் 1863-ல் 300 டாலர் கட்டினால் போருக்குப் போகவேண்டாம். தெற்கில் 20 அடிமைகள் இருந்த பண்ணையில் ஒரு வெள்ளையருக்கு விலக்கு. மிச்சப்பேர்தான் அவதிப்பட்டார்கள்! வடக்குக்காகப் போரிட்ட கறுப்பினச் சிப்பாய்க்கு முதலில் 10 டாலர் சம்பளம், அதில் உடுப்புக்கு 3 பிடித்தம், வெள்ளையருக்கு 13.

ஆனால் ராபர்ட் ஸ்மால்ஸ் என்ற அடிமை மாலுமி கில்லாடி. 1862-ல் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில், கேப்டன் கரையில் தங்கிய இரவு, அவருடைய வைக்கோல் தொப்பியை மாட்டிக்கொண்டு, கோட்டைகளுக்கு முறையாக விசில் சமிக்ஞையும் கொடுத்து, குடும்பத்தோடு கப்பலையே வடக்குக் கடற்படையிடம் ஓட்டிப்போய்விட்டார். கேப்டனுக்கு ராணுவ விசாரணை. ஸ்மால்ஸோ, வரிபாக்கியில் விற்பனைக்கு வந்த பழைய எஜமானரின் வீட்டையே வாங்கினார். காங்கிரஸ் உறுப்பினரானது அப்புறம்!