கறுப்பு ஆலிவ், பச்சைப் பொய்

கேள்வி: பீட்சாவில் போடும் பச்சை ஆலிவும் கறுப்பு ஆலிவும் வேறு வேறு மரமா? மரத்தில் பறித்து அப்படியே சாப்பிடலாமா?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: ஒரே மரம்தான். காயாகப் பறித்தால் பச்சை, பழுக்கவிட்டால் கறுப்பு. ஆனால் உங்கள் பீட்சாவில் கிடக்கும் கறுப்பு வளையம் அநேகமாகப் பழுத்ததே இல்லை! காயைப் பறித்து, காரக் கரைசலில் ஊறவைத்து, காற்றைச் செலுத்திக் கறுக்கவைப்பார்கள். சாயம் போகாமலிருக்கக் கொஞ்சம் இரும்பு உப்பு. நாம் தலைக்கு டை அடிக்கிறோமே, அதேதான். என்ன, நாம் வயதைக் குறைக்க அடிக்கிறோம், அங்கே கூட்ட. கலிஃபோர்னியாக்காரர்கள் இதில் கைதேர்ந்தவர்கள்.

கிரீஸின் கலமாட்டா யோக்கியமானது. மரத்திலேயே கருஊதாவாகப் பழுக்கும். கீறி உப்புநீரில் ஊறப்போட்டு, வினிகர் சேர்ப்பார்கள். ஸ்பெயினின் மன்சனில்லா பச்சையிலேயே பறிபடும். காரக் கரைசலில் சில மணி நேரம், பிறகு உப்புநீரில் மாதக்கணக்கில் புளிக்கும். கொட்டையை எடுத்துவிட்டுச் சிவப்பு மிளகாய்த் துண்டு திணித்து வருவது பெரும்பாலும் இதுதான்.

பறித்ததும் சாப்பிடலாமா? தாராளமாக. ஒலியூரோப்பின் என்றொரு கசப்பு உள்ளே காத்திருக்கிறது. அதை வெளியேற்றத்தான் இத்தனை ஊறலும். கடித்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள், பிரசுரிக்கக்கூடிய வார்த்தைகளில்.