எச்டிஎம்ஐ-1: ஒரு பாடபேத ஆய்வு

லினக்ஸ் கணினியில் இரண்டாவது மானிட்டரை மாட்டுவது பற்றி இதுவரை முறையான ஆய்வு எதுவும் வரவில்லை. எல்லா ஆய்வேடும் இப்படித்தான் தொடங்குகிறது, இதுவும் அப்படியே. ஆய்வுக்களம், என் மேசை. ஆய்வுக்காலம், சனி இரவு 9 மணி முதல் விடியற்காலை 3.15 வரை.

மானிட்டர் விழிக்காததற்குக் காரணம், கேபிள் சரியாகச் செருகப்படவில்லை என்பது முதற்கொள்கை. பெரும்பாலும் இதுவே உண்மை. ஏற்றுக்கொண்டால் ஆய்வுக்கு எதுவும் மிஞ்சாது என்பதால் கைவிடப்பட்டது.

அடுத்த சந்தேகம், திரையை இயக்கும் ட்ரைவர். என்விடியா கிராஃபிக்ஸ் கார்டுகளுக்கு அதில் இரு பள்ளிகள் உண்டு. ஒன்று, கார்டு செய்யும் கம்பெனியே தருவது. மற்றொன்று, என்விடியா விவரம் தராததால், கார்டு என்ன செய்கிறது என்று பார்த்துப் பார்த்தே வெளியாட்கள் எழுதிய 'நூவோ'. பிரெஞ்சில் நூவோ என்றால் புதியது. 2010இலேயே லினக்ஸின் கருவான கெர்னலுக்குள் வந்துவிட்டது. ஆனாலும் புதுக்கவிதையைப் போல இன்னும் புதுசுதான். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2012இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் என்விடியாவுக்கு நடுவிரலைக் காட்டினார். மூலமே தெளிவாக இருப்பதால் உரை தேவையில்லை.

இனி, நம் பொருள். கணினியில் இருக்கும் எச்டிஎம்ஐ துளை ஒன்றுதான். கெர்னல் அதை 'எச்டிஎம்ஐ-ஏ-1' என்கிறது. திரையில் காட்டும் எக்ஸ் சர்வரின் பொது ட்ரைவர் ஏ-வை விழுங்கிவிட்டு 'எச்டிஎம்ஐ-1' என்கிறது. என்விடியா ட்ரைவர் சுழியத்திலிருந்து எண்ணுவதால் 'எச்டிஎம்ஐ-0'. பழைய ட்ரைவர் ஒன்றில் சிறுகோடே கிடையாது, 'எச்டிஎம்ஐ1'. ஓர் ஓலையை நான்கு பேர் தூக்கக் கலக்கத்தில் படியெடுத்த கதை.

எது மூலபாடம்? கோடு இல்லாததே தொன்மை, கோடு பிற்கால இடைச்செருகல் என்பர் (அடியேன், மளிகைச் சீட்டின் பின்புறம், 'துவரம்பருப்பு அரைக் கிலோ'வுக்கு நேர் கீழே). நடுவில் வரும் ஏ பிளக்கின் வகையைச் சுட்டுவது. அதைத் தேற்றேகாரம் என்று கொண்டேன் (மேற்படி சீட்டு, எண்ணெய்க் கறைக்கு மேற்கே). பொருந்தாது, அன்றிரவு எதுவும் தேறவில்லை (மேற்படி, கறையினுள், வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க).

ஒற்று மிகுமா மிகாதா என்று சண்டை போட்டு, ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவர் போகாத புலவர்களை நான் கேலி செய்ததுண்டு. அப்டேட் ஒன்றில் ட்ரைவர் மாறி, கோடு மிகுந்தது. 'எச்டிஎம்ஐ1-ஐ லேப்டாப்புக்கு வலப்பக்கம் வை' என்று, திரைகளை அடுக்கும் எக்ஸ்ரேண்டர் கட்டளைக்கு நான் எழுதிவைத்திருந்த ஒற்றை வரி, கணினியைத் திறக்கும்போதெல்லாம் தானாக ஓடும். அது அன்று, அப்படி ஒரு பெயர் இல்லை, விட்டுவிடுகிறேன் என்றது. விட்டும்விட்டது. இந்த ஒரு கோட்டைக் கண்டுபிடிக்க ஆறே கால் மணி நேரம்.

கோடு போட்டதும் திரை விழித்தது. ஆனால் கேபிளை ஆராய்ந்த களப்பணியில் மானிட்டர் எனக்கு இடப்பக்கம் வந்துவிட்டிருந்தது. அம்புக்குறி வலது ஓரத்தில் மறைந்து, அந்தக் கோடியில் இடது ஓரத்தில் முளைத்தது. வரியில் 'வல' என்பதை 'இட' என்று திருத்தினால் போதும் என்பர். மூலபாடத்தில் கைவைக்க மனமில்லாமல் மானிட்டரையே தூக்கி வலப்பக்கம் வைத்தேன். பேனா ஸ்டாண்டு விழுந்தது.

"நடுராத்திரியில என்னங்க சத்தம்?" (வாய்மொழித் தரவு, படுக்கையறை வாசல், 3.15).

பாடபேதத்தை விளக்கினேன். தகவலாளர் மேற்கொண்டு பேட்டியளிக்க மறுத்துவிட்டார்.