ஒரிஜினல் இங்கிலாந்து

தமிழ்நாட்டில் எந்தத் தாத்தாவும் உள்நாட்டு சைக்கிள் ஓட்டியதில்லை. பழைய சைக்கிள் தேடி ஊர் ஊராக அலைகிறவன் முதலில் தெரிந்துகொள்வது இதைத்தான். மாட்டுக்கொட்டகை மூலையில், கேரியரில் கோழி அடைபடுத்திருக்க, எந்த வண்டி கிடந்தாலும் உடையவர் ஒன்றையே சொல்வார்: “ஒரிஜினல் இங்கிலாந்து சார். எங்க தாத்தா கப்பல்ல வரவழைச்சது.”

நானும் நிபுணன்போலத் தலையாட்டுவேன். மண்ணெண்ணெய்த் துணியும் டார்ச்சுமாக வண்டிக்கு அடியில் மல்லாந்து படுப்பேன். பொண்ணு பார்க்க வந்தபோதுகூட நான் இவ்வளவு நேரம் பார்க்கவில்லை என்று என் மனைவிக்கு ஒரு குறை உண்டு.

பார்க்க விஷயம் இருக்கிறதே! பெடல் பக்கத்துப் பல்சக்கரம்தான் வண்டியின் ஜாதகம். ராலே என்றால் அதில் நாரைத் தலைகள் தெரியும். ரட்ஜ் என்றால் விரித்த உள்ளங்கை. ஹம்பர் என்றால் ஐந்து குட்டி மனிதர்கள் வட்டமாக ஓடிக்கொண்டிருப்பார்கள். பி.எஸ்.ஏ. ஆதியில் துப்பாக்கிக் கம்பெனி. ஆகவே பேட்ஜில் மூன்று துப்பாக்கிகளை ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்தியிருப்பார்கள். பின்சக்கரத்தில் ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் அமைந்தால் யோகம்தான். அழுக்கைத் துடைத்தால் தயாரித்த ஆண்டின் கடைசி இரண்டு எண்ணே அதில் கிடைக்கும். எனக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை. நான் தேடிப்போன வீட்டுத் தாத்தாக்கள் யாரும் கியர் வைத்து மிதிக்கிற ரகம் அல்ல.

ஆனால், ஜாதகம் சரியாக இருந்தாலும் பிறந்த ஊர் தெரியாது. முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் கைகோத்து 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், ஹெர்குலிஸை அம்பத்தூரிலேயே செய்து தள்ளியது. வங்காளத்தில் அசன்சோல் பக்கம் சென்-ராலே தொழிற்சாலை. பேரும் அதே, நாரையும் அதே. தாத்தாவின் கப்பல் பர்மிங்ஹாமிலிருந்து கிளம்பியதா, அம்பத்தூர் லாரி ஷெட்டிலிருந்து கிளம்பியதா என்பதைப் பேட்ஜின் பொடி எழுத்துத்தான் சொல்ல வேண்டும். அதன் மேல்தான் ஜன்னல் கம்பிக்கு அடித்து மிஞ்சிய பச்சை பெயின்டைப் பூசிவைத்திருப்பார்கள்.

நான் வாங்கியதும் பச்சைதான். கடைக்கார பாய் அதைக் கவிழ்த்துப் போட்டு, கிராங்க் அச்சின் கப்பைக் கழற்றினார். பழைய பெட்டியிலிருந்து வேறொரு கப்பை எடுத்து முறுக்கினார்; இரண்டு சுற்றில் நின்றுவிட்டது. “இது ராலே மரை சார்” என்றார். எனக்குப் புல்லரித்தது. மற்ற கம்பெனிகளுக்கு அங்குலத்துக்கு 24 மரை என்றால், ராலே மட்டும் பிடிவாதமாக 26 வைத்திருந்தது. எத்தனை கை மாறினாலும் இந்த ஒன்றை மட்டும் யாராலும் எளிதில் மாற்ற முடியாது.

“மத்ததெல்லாம் மாத்திட்டாங்க சார். போர்க்கு ஹெர்குலிஸ். மட்கார்டு அட்லஸ். செயின் கவர் ஹீரோ. பல்சக்கரம் ஏதோ லூதியானா.”

“இங்கிலாந்து சாமான் ஒண்ணுமே இல்லையா பாய்?”

“சீட்டு இருக்கே! புரூக்ஸ் தோல் சீட்டு. பாதியை எலி தின்னுடுச்சு.”

போகட்டும், ஃபிரேம் ராலே அல்லவா என்று பேட்ஜை வீட்டில் பிளேடால் சுரண்ட உட்கார்ந்தேன். முதலில் நாரையின் அலகு வந்தது. பிறகு கழுத்து. அடியில் ‘ராலே’ என்று பொடி எழுத்துத் தெரிந்ததும் குடும்பத்தையே கூப்பிட்டுக் காட்டினேன். என் மகள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “அப்பா, இடது பக்கம் இன்னும் கொஞ்சம் பச்சை இருக்கு” என்றாள். சுரண்டினேன். ‘சென்’ வந்தது.

அன்றிலிருந்து வண்டிக்குத் திண்ணையில் நிரந்தர வாசம். ராட் பிரேக் கம்பிகளில் துண்டு காய்கிறது. ரிம் கோட்டம் எடுக்க வேண்டும், காட்டர் பின் மாற்ற வேண்டும், கறுப்பு எனாமலின் மேல் தங்கக் கோடு இழுக்க ஆள் தேட வேண்டும் என்று நான் நாளும் பட்டியல் வாசிக்கிறேன். என் மனைவி தெருமுனையில் மணியடிக்கும் பேரீச்சம்பழ வண்டிக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

போன வாரம் கூப்பிட்டே விட்டாள். “அண்ணே, இதை எடுத்துக்குவீங்களா? எங்க வீட்டுக்காரர் இங்கிலாந்துன்னு சொல்லிட்டிருக்கார்.”

அவர் வண்டியை ஒரு கையால் தூக்கி எடை பார்த்தார். “இங்கிலாந்து இரும்புக்கும் அதே ரேட்டுதாம்மா.”