ரெஃபரல் அண்ணன்

பாலக்கோடு தக்காளி மண்டியைச் சுற்றி இருக்கிற ஏதாவது ஒரு டீக்கடையில் இவர் அகப்படுவார். பென்னாகரத்தில் இன்னொருவர் உண்டு, அரூரில் இரண்டு பேர். ஆள்தான் வேறு, பேச்சு ஒன்றே. வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு போன். ஒன்று பேச, மற்றது காட்ட.

காட்டுகிற போனில் இருப்பது, பணம் கட்டி ஆடும் கிரிக்கெட் ஆப்பின் ஒரே ஒரு ஸ்கிரீன்ஷாட். பச்சை எழுத்தில் 'நீங்கள் வென்றது ரூ.11,400'. "எப்பண்ணா அடிச்சது?" என்றால், "இப்பத்தாம்பா, போன மேட்ச்சு" என்பார். உற்றுப் பார்த்தால் சென்னை அணிப் பட்டியலில் டூப்ளசி இருக்கிறார். அவர் பெங்களூருக்குப் போனது 2022இல். தோற்ற ஆட்டங்களுக்கு ஏன் ஒரு படமும் இல்லை என்று அண்ணியிடம் கேட்டால், "போன்ல அவ்ளோ எடம் ஏது?" என்கிறார்.

அண்ணனுக்கு இது பரம்பரைத் தொழில். அப்பா லாட்டரிக் கடை வைத்திருந்தார். பரிசு விழுந்த சீட்டின் ஜெராக்ஸ் கடை வாசலில் வெயிலில் வெளுத்துப் போகும்வரை தொங்கும். விழாத சீட்டுகளைத் தொங்கவிட பாலக்கோட்டில் அவ்வளவு சுவர் கிடையாது. 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு லாட்டரியைத் தடை செய்தது. கடை போனது, ஜெராக்ஸ் மட்டும் போனுக்குள் புகுந்துகொண்டது.

"நம்ம கோடு போட்டுச் சேருப்பா. ஒனக்கும் போனஸ், எனக்கும் போனஸ்." விளம்பரம் முழுவதும் இவ்வளவுதான். கோலியும் தமன்னாவும் டிவியில் வந்து சொன்னதற்கு 2020இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நோட்டீஸ் அனுப்பிக் கேட்டது. டீக்கடை பெஞ்சுக்கு நோட்டீஸ் அனுப்ப முகவரி வேண்டுமே.

அதே ஆண்டு டிசம்பர் 15 முதல் விளம்பரத் தரக் கவுன்சில் இந்த ஆட்டங்களின் விளம்பரங்களுக்குச் சில விதிகளைக் கொண்டுவந்தது. பண இழப்பு வரலாம், பழக்கம் அடிமையாக்கும் என்ற எச்சரிக்கை விளம்பரத்தில் ஐந்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். விளம்பரம் எந்த மொழியோ எச்சரிக்கையும் அதே மொழி. வாயால் சொன்னால் சாதாரண வேகத்தில் சொல்ல வேண்டும். இதை வேலைக்கு மாற்று என்று காட்டக்கூடாது. நல்ல விதிகள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அண்ணன் எச்சரிக்கிற இடம் டீயை உறிஞ்சுவதற்கும் விழுங்குவதற்கும் நடுவில்: "பொறுப்பாடணும்" என்று ஒரே சொல்லாக வரும். ஐந்தில் ஒரு பங்குக்கு இடமில்லாமல் இல்லை, தொப்பை சும்மாதான் இருக்கிறது. பன்னிரண்டாவது முடித்த பையன்களிடம், "பெங்களூருக்குப் போயி கல்லு தூக்கறதுக்கு இது எவ்ளோ மேல்" என்று சொல்வது எந்த விதியில் விழும் என்று படிக்கிறவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

மண்டிக்குக் கூடை ஏற்றி வந்த பெரியவர் ஒருவரிடமும் முயன்று பார்த்தார்.

"சாமி, நான் தக்காளி போட்டிருக்கேன். இதுக்கு மேல ஒரு சூதாட்டமா? அதுல எச்சரிக்கையாச்சும் போடறான்றே. வெதப் பாக்கெட்ல அதுகூட இல்ல."

அண்ணன் பேச்சு நின்றதை நான் அன்று ஒருநாள்தான் பார்த்தேன்.

சட்டங்களை அவர் விடாமல் படிப்பார். 2023 ஏப்ரலில் ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிரான மாநிலச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, விளம்பரம் செய்தால் ஓராண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம் என்று கேட்டுக் கொஞ்ச நாள் ஸ்டேட்டஸ் வைக்கவில்லை. நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் தடைப் பட்டியலிலிருந்து விலக்கியது. "தெறமைன்னு கோர்ட்டே சொல்லிருச்சு!" என்று கடைக்கே மிக்சர் வாங்கிக் கொடுத்தார், கடனுக்கு. 2025 பிப்ரவரியில், நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் வைத்து ஆடக்கூடாது என்று மாநில ஆன்லைன் விளையாட்டு ஆணையத்தின் ஒழுங்குமுறை வந்தது. தனிமனித சுதந்திரம் போச்சே என்று அண்ணன் புலம்பினார். அண்ணி பழைய மாரியம்மனோடு ஆன்லைன் விளையாட்டு ஆணையத்தையும் சேர்த்துக் கும்பிட்டார்.

2025 ஆகஸ்ட் 22இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்த மத்தியச் சட்டம்தான் ஆளை அசைத்தது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ விளம்பரம் செய்கிற எவருக்கும் இரண்டாண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். இந்திய அணியின் சட்டையிலிருந்து ட்ரீம்11 பேரே போய்விட்டது. அண்ணன் செய்தியை இரண்டு முறை படித்தார். "அம்பது லட்சமா! நம்மகிட்ட அவ்ளோ இருக்கும்னு மோடி கவர்மென்ட்டே நம்புதுப்பா." மாமனார் காதில் விழ வேண்டும் என்று இன்னும் உரக்க ஒருமுறை சொன்னார்.

பிறகு கொஞ்ச நாள் டெலிகிராமில் ஏதோ வெளிநாட்டு லிங்க் அனுப்பிக்கொண்டிருந்தார். நவம்பரில் 1எக்ஸ்பெட் என்ற பந்தய ஆப் வழக்கில் கிரிக்கெட் வீரர்கள் ரெய்னா, தவான் இருவருக்கும் சொந்தமான ரூ.11.14 கோடி மதிப்புள்ள சொத்துகளை அமலாக்கத்துறை முடக்கியது. "சின்னத் தலைக்கே இந்தக் கதின்னா…" என்று போனைச் சட்டைப் பைக்குள் வைத்தார். பார்த்த நாங்கள் திருந்திவிட்டார் என்றே நினைத்தோம்.

போன வாரம் வாட்ஸ்அப்பில் ஓர் அழைப்பு வந்தது. 'சூதாட்டத்திலிருந்து மீள்வோம்': அண்ணன் நடத்தும் குழு, நுழைவுக் கட்டணம் 99 ரூபாய். இரண்டு பேரைச் சேர்த்துவிட்டால் நமக்கு இலவசம். கோடு அதேதான்.