ஏ-டூ படிக்கிற பிள்ளை

தூத்துக்குடியில் ஜெர்மன் படிப்பவர் பெரும்பாலும் நர்சிங் முடித்தவராகவோ மெக்கானிக்கல் முடித்தவராகவோ இருப்பார். வகுப்பு செல்போனில் நடப்பதால் வீட்டைவிட்டு வெளியே அதிகம் தென்படுவதில்லை. ஏ-1, ஏ-2, பி-1, பி-2 என்று படிகள் உண்டு. ஜெர்மனியில் செவிலியராகப் பதிவுபெற பெரும்பாலும் பி-2 கேட்கிறார்கள். அதுவரை வீட்டார்தான் கேட்க வேண்டும்.

ஏ-1 பருவத்தில் பிள்ளை பொருள்களுக்குப் பால் பார்க்கிறது. கரண்டி ஆண், முள்கரண்டி பெண், கத்தி அஃறிணை. துறைமுகம் ஆண். கப்பல் அஃறிணை, பெயர் சூட்டிவிட்டால் பெண். உப்பு அஃறிணை, முத்து பெண். கடலுக்கு மூன்று சொல்: 'மேர்' அஃறிணை, 'ஸே' பெண், 'ஓட்ஸெயான்' ஆண். அந்த 'ஸே'யையே ஆணாக்கினால் ஏரியாகிவிடும். இத்தனையையும் பொறுத்துக்கொண்ட ஆச்சி, சிறுமியும் அஃறிணைதான் என்று கேட்ட அன்று புத்தகத்தை மூடிவைக்கச் சொன்னாள்.

இந்தப் படியின் வாய்மொழித் தேர்வில் பொருளின் படம் போட்ட அட்டை வரும். அதை வைத்து எதிரில் இருப்பவரிடம் ஏதாவது கேட்க வேண்டும். பயிற்சி வீட்டில் நடக்கும். அம்மா தண்ணீர் கொடுத்ததும் பிள்ளை நன்றியாக 'டாங்க' என்கிறது. "தந்தாச்சுல்லா, பெறகும் எதுக்குல தாங்க தாங்கங்க?" என்பாள் அம்மா.

முற்றிய பருவம் ஏ-2. எந்தப் பொருள் எதற்குப் பயன்படும் என்று சொல்லும் பாடம் இங்கே வருகிறது. 'ட்ஸும்' என்று போட்டு வினையைச் சேர்த்தால் வேலை முடிந்தது: கத்தி 'ட்ஸும் ஷ்னைடன்', வெட்டுவதற்கு. பிள்ளை அடுக்களைக்குள் நுழைந்து ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொல்லிக்கொண்டே வரும். தேங்காய்த் துருவி துருவுவதற்கு. சொளவு புடைப்பதற்கு. "இதைச் சொல்லவா மாசாமாசம் பணங் கெட்டுதான்?" என்று ஆச்சி கேட்பது நியாயமே. புத்தகத்தில் தூசி உறிஞ்சும் மிஷின் இருக்கும், வீட்டில் இருப்பது வாரியல். பிள்ளை வாரியலைக் கையில் பிடித்துக்கொண்டு மிஷினின் பயனை ஒப்பிக்கும்.

சிக்கல் அருவாமனையில் வருகிறது. புத்தகத்துக் கத்தி கையில் நகரும், பொருள் அசையாது. இங்கே இரும்பு அசையாமல் நிற்க, சாளை மீன்தான் போய்வருகிறது. இதை விளக்க 'உம்' என்று தொடங்கி, 'ட்ஸூ'வும் வினையும் கடைசியில் வரும் நீள வாக்கியத்தைப் பிள்ளை கையிலெடுக்கும். வினையைக் கடைசியில் வைப்பது தமிழனுக்குப் பழகிய ஏற்பாடு. ஜெர்மனில் அவனுக்குக் கிடைக்கும் ஒரே சொந்த ஊர்க் காற்று இதுதான். மனையைக் காலால் அழுத்தி, தலையை ஒரு கையிலும் வாலை மறு கையிலும் பிடித்து என்று அடுக்கிக்கொண்டு வினைக்கு வருவதற்குள் அம்மா மீனை ஆய்ந்து குழம்பைக் கூட்டி இறக்கியிருப்பாள்.

இந்தக் கரைக்கு இது புதிதல்ல. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியப் பாதிரியார் ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் முத்துக்குளித்துறை மக்களிடையே வாழ்ந்து தமிழ் கற்று, அதற்குப் போர்த்துக்கீசிய மொழியில் இலக்கணமும் எழுதினார். அவருக்குத் துடுப்பையும் வலையையும் விளக்கியவர்கள் பட்ட பாட்டை யாரும் எழுதிவைக்கவில்லை.

பி-1 வந்ததும் பயன் சொல்வது நின்று, நன்மை தீமை சொல்வது தொடங்கும். தேர்வில் அப்படி ஒரு சிற்றுரை உண்டு. பொரிச்ச பரோட்டாவின் தீமைகளைப் பிள்ளை சாப்பிட்டுக்கொண்டே பட்டியலிடும். பி-2இல் பேச்சு குறைந்துவிடும். விசா கவலை.

பயணப் பெட்டியை அம்மா கட்டுவாள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பாலும் நெய்யும் கொண்டுபோக முடியாது. கருவாடு சொந்தச் சாப்பாட்டுக்கென்றால் 20 கிலோ வரை போகலாம். விமான நிலையச் சுங்க அதிகாரி பொட்டலத்தைப் பிரித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, இது எதற்கு என்று கேட்பார். ஏ-2 பாடத்தில் வந்த அதே கேள்வி. பதில் இரண்டே சொல்: 'ட்ஸும் எஸ்ஸன்', தின்பதற்கு.